குளிர்பெட்டியில் ஒட்டிய தாள்

போர்த்தோவுக்கு இரண்டு இரவு போதும்,
செருப்பு நல்லதாக இருந்தால்.
மேட்டுக்கு வேண்டுமானால் டிராம் ஏறு.
இறக்கத்துக்கு எதற்குக் காசு?

கேட்காமலே மேசைக்கு வரும்
ரொட்டியும் ஒலிவும் உபசாரம் அல்ல,
தொட்டால் கணக்கில் ஏறும்.
வேண்டாம் என்று சொல்,
யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

ஆற்றங்கரையில் உண்ணாதே.
இரண்டு தெரு மேலே
பெயர்ப்பலகை உதிர்ந்த கடை.
சூப், மத்தி மீன், அரைக் குவளை வைன்.
எவாரிஸ்து பரிமாறுவான், சிடுமூஞ்சி,
சில்லறையில் ஒரு சதம் குறையாது.

பாலத்தை நடந்தே கட,
மேல்தட்டில், பொழுது சாய்கையில்.
அதற்கு இன்னும் சீட்டு அடிக்கவில்லை.

குழாயில் முதலில் செம்மண் நிறம் வரும்.
பத்து எண்ணிவிட்டுக் குடி.
சன்னலைச் சற்றே தூக்கித் தள்ளு,
வெறுமே தள்ளித்தான்
என் கணவன் கண்ணாடியை உடைத்தான்.
நாலாவது படி மற்றதைவிட
ஒரு விரல் உயரம்.
இருட்டில் எண்ணி ஏறு.

ஆமாம், இங்கேதான் இருந்தோம்,
பதினேழு வருடம்,
வாடகை எங்களைத் தாண்டிப் போகும்வரை.
இப்போது விடியுமுன் பேருந்து பிடித்து வருகிறேன்,
உன்னைப் போலவே
பையில் ரொட்டியோடு.

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.
விரிப்பை மடித்து வைக்காதே,
எப்படியும் துவைக்கத்தான் போகிறேன்.

தெயோலிந்தா