திரும்பத் தர வேண்டிய தேதி

இரண்டாம் சனிக்கிழமை.
மாட்டுத்தாவணியில் மூன்று டிக்கெட், மேலூருக்கு.
பீர்முகமது, ஜெசிந்தா, நான்.
மூன்று கல்லூரி, மூன்று நூலகம்,
மூன்றுக்கும் சேர்த்து நிரந்தர ஊழியர்
இந்த ஒரே இருக்கையில் நெருங்கி உட்கார்ந்திருக்கிறோம்.

யானைமலை தாண்டும்வரை ஒத்திகை.
"தரவுத்தளம்னு ஆரம்பிச்சிராதீங்க" என்றார் பீர்முகமது.
"தரவுன்னா அங்க தரகுன்னுதான் காதுல விழும்."
ஜெசிந்தா கையில் ஒரு பாலித்தீன் பை,
உள்ளே ஐப்பசி மழையில் நனைந்து உப்பிய பொருளியல் நூல்.
மீன் வாங்கி வருகிறவள் போல
சேலையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

சட்டமன்ற உறுப்பினர் அலுவலக வாசலில்
படிவரை செருப்பு.
எங்களுக்கு முன்னால்
கண்மாய் மடை உடைந்துபோனவர்,
காதுகுத்துக்கு அழைக்க வந்தவர்,
சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு ஒரு தெருவே.
வரப்பில் பிணம் தூக்கி வழுக்கிய கதையை
அவர்கள் சொல்லச் சொல்ல
என் மடியில் இருந்த மனு
எடை குறைந்துகொண்டே வந்தது.
நான் கேட்க வந்தது
மாலையில் இரண்டு மணி நேரம் விளக்கு,
அதை அணைக்க ஓர் ஆள்.

அப்புறம் அழகுமீனாவை நினைத்துக்கொண்டேன்.
இரண்டாமாண்டு வரலாறு.
வகுப்பு முடிவது நாலு பத்து,
கொட்டாம்பட்டிப் பேருந்து நாலு நாற்பது.
நடுவில் கிடைக்கும் கால் மணி நேரத்தில்
வெளியே தரக்கூடாத சிவப்புப் புள்ளி நூல் ஒன்றை
பதினோரு நாளாக நின்றுகொண்டே படிக்கிறாள்.
அந்தச் சுடுகாட்டுத் தெரு
அவளுடையதாகவும் இருக்கலாம்.
நான் கேட்டதில்லை.

"நம்ம காலேஜா? அதுல லைப்ரரி இருக்கா?"
கிண்டல் இல்லை. மெய்யாகவே கேட்டார்.
"இப்பதான் எல்லாம் செல்லுலயே வந்துருதே."
"வருதுங்கய்யா" என்றாள் ஜெசிந்தா.
"சந்தா கட்டினா வருது."
சிரித்தார். புகைப்படத்துக்கு எழுந்தார்.
ஈரப் புத்தகத்தை நடுவில் பிடிக்கச் சொன்னார்கள்;
படத்தில் பரிசு மாதிரித் தெரிந்திருக்கும்.

உதவியாளர் சோலைமலை எங்கள் மனுவை
சன்னலோரக் குவியலில் செருகினார்.
குவியல் சரிந்தது.
சரிந்ததில், டீ கிளாஸ் வட்டம் பதிந்த ஒரு தாளில்
பென்சிலால் 118.
என் கையெழுத்து.
வருகிற தாள் போகிற தாள் எதற்கும்
பதிவெண் போடுவது எனக்குத் தொழில் வியாதி.
போன வருடத்து மனு.
அதற்கும் கீழே 94.

கோபம் வந்திருக்க வேண்டும்.
வந்ததென்னவோ
அலமாரி கலைந்து கிடந்தால் வரும் அரிப்பு.
"தம்பி, அரை மணி நேரம் இத எங்ககிட்ட விடுங்க."
மூவரும் தரையில் உட்கார்ந்தோம்.
குடிநீர், பட்டா, முதியோர் பென்ஷன், மடை.
ஊர்வாரியாக, ஊருக்குள் தேதிவாரியாக.
சுடுகாட்டுப் பாதைக்கு மட்டும் ஏழு மனு,
மூத்ததற்கு ஆறு வயது.
ஏழையும் நூல் போட்டுக் கட்டி
எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார் பீர்முகமது.
சோலைமலை கட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் உள்ளே எடுத்துப் போனார்.

திரும்பி வருவதற்குள்
எங்கள் மனுவின் முதுகில் ஒரு தேதிச் சீட்டு ஒட்டி
கைப்பையிலிருந்த முத்திரையைத் திருகி
பதினான்கு நாள் தள்ளிக் குத்திவிட்டேன்.

"என்னக்கா இது?"
"இரவல் குடுத்திருக்கோம். அன்னிக்கு வந்து கேப்போம்."
"அன்னிக்கு ஐயா சென்னையில இருப்பாரே."
"அப்ப ரினிவல்."

பேருந்தில் பீர்முகமது டைரியைப் புரட்டினார்.
அந்தத் தேதியில் அவர் மச்சான் மகளுக்கு நிக்காஹ்.
கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.
ஒத்தக்கடையில் கூட்டம் ஏறியபோது சொன்னார்:
"காலையில எட்டு மணிக்கே வந்துருவோமா?"