கழுதை பாலத்தில் நிற்கிறது

எட்டுத் தறி ஓடுகிற குடோனில்
யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.
உதட்டைப் பார்ப்போம்.
'டீ வந்துருச்சு',
'பிள்ளைக்குக் காய்ச்சல், நேரத்துலயே போகோணும்',
எல்லாம் உதட்டில்தான்.
நான் எழுத்துக் கூட்டிப் படித்ததைவிட
உதடு கூட்டிப் படித்தது அதிகம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து
தர்ஷனா ஒரு புத்தகம் கொண்டுவந்தாள்.
அட்டையில் கழுதை, முதுகில் குடை.
வீட்டில் யாருக்காவது
வாசித்துக் காட்டோணுமாம், டீச்சர் சொன்னாராம்.
வீட்டில் யார் இருக்கிறோம்?
அவளப்பன் லாரியில், நான் தறியில்.
நூல் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து
தொண்டை கிழியக் கத்தினாள்.
"என்னடி சொல்லுது உன்ற கழுதை?" என்றேன்.
அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கரண்ட் போனது.
எட்டும் ஒரே மூச்சில் நின்றன.
காதுக்குள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடின.
அப்புறம் அவள் குரல்:
"கழுதை கடலைப் பார்க்கக் கிளம்பியது."

பாவு பிணைக்க வந்த சென்னியப்பன்
முடிச்சை விரலில் பிடித்தபடியே கேட்டார்,
"கடலுக்கா? ஏஞ் சாமி, சோமனூர்ல தண்ணியில்லீன்னா?"
அடுத்த குடோன் ஆட்கள் வாசலில் நின்றார்கள்.
ஒடிசாவிலிருந்து வந்த மினதியின் மகன் தீபு
'கழுதை, கழுதை' என்று
வாய்க்குள் ருசி பார்த்தான்.
கழுதை நொய்யல் பாலத்துக்கு வந்தது.
கீழே ஆறு முழுக்க வெள்ளை நுரை.
கடல் இதுதானோ என்று யோசித்தது.

கரண்ட் வந்துவிட்டது.

எங்களுக்கு மீட்டர் கணக்கில் கூலி.
தறி நின்றால் காசு நின்றது.
செவ்வாய், புதன், வியாழன்
கரண்ட் கண்ணைக்கூட மூடவில்லை.
நல்லதுதான், சீட்டுப் பணம் கட்டிவிடலாம்.
ஆனால் கழுதை பாலத்திலேயே நிற்கிறது.
டீக்காரப் பையன் உதட்டைக் குவிக்கிறான்: தாண்டுச்சா?
சென்னியப்பன் கையை விரிக்கிறார்.
தீபு தரையில் பஞ்சைக் குவித்து
ஒரு தார்க்குச்சியை அதன் மேல் நடக்க விடுகிறான்.
சாமீ, ஓர் அரைமணி நேரம் கட் ஆகாதா?
கூலிக்காரி வேண்டுகிற வேண்டுதலா இது?

வியாழன் ராத்திரி பொறுக்கவில்லை.
அவள் தூங்கியதும் பையைத் திறந்தேன்.
ஆறாவதோடு நின்றுபோன கண் எனக்கு.
அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி
ஒவ்வோர் எழுத்தாய்த் தடவிப் போனேன்.
குடை இருந்தது. சரி.
மூன்றாம் பக்கத்திலேயே கழுதை
கடலில் கால் நனைத்துவிட்டது.
உப்பு, என்றது.
திரும்பி வந்தது.
எட்டே பக்கம்.
பாலம் இல்லை, நொய்யல் இல்லை, நுரை இல்லை.
தாள் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று
விளிம்பை நகத்தால் நீவிப் பார்த்தேன்.

பக்கத்தில் படுத்திருந்தாள், தலைமுடியில் பஞ்சு.
பொய்க்காரி.
போர்வையை இழுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகம் போய்
வேறொன்று வந்தது. அட்டையில் யானை.
"அப்ப கழுதை?" என்று பதறினார் சென்னியப்பன்.
"அது எனக்கு மனப்பாடமுங்க" என்றாள்,
கண்ணைச் சிமிட்டாமல்.

ஏழு மணிக்குக் கட்.
நாலைந்து செல்போன் வெளிச்சம் அவள் மடியில்.
யானைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
கழுதையைப் படித்தாள்:

"பாலத்தில் ஒரு லாரி வந்து நின்றது.
டிரைவருக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை.
நான் தூத்துக்குடிக்குத்தான் போறேன், ஏறிக்கோ என்றார்.
கழுதை கேட்டது,
வீட்டுக்கு எப்பப் போவீங்க?"

யாரும் மூச்சு விடவில்லை.
தீபு என் முந்தானையைப் பிடித்திருந்தான்.

எட்டும் மறுபடி ஓடத் தொடங்கின.
வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.
அவள் நிறுத்தவில்லை,
மூட்டை மேல் உதடு அசைந்துகொண்டே இருந்தது.
டிரைவர் சொன்ன பதிலை
நான் வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தறியில் நூல் அறுந்துகிடந்தது,
எவ்வளவு நேரமாகவோ.