முப்பத்து மூவாயிரம்

ரேஷன் மண்ணெண்ணெய் நீலம்; அது ஆகாது.
வெள்ளை வேண்டும்.
மண்ணடி கெமிக்கல் கடையில்
இருபது லிட்டர் கேனோடு நின்றேன்.
"எதுக்கு டாக்டர், கிளினிக்ல கரையானா?"
விமானத்துக்கு என்றேன்.
கடைக்காரர் என் சில்லறையை
இரண்டாம் முறை எண்ணினார்.

நான் பல் டாக்டர். கொளத்தூரில், மாடியில்.
கீழே பரோட்டாக் கடை.
இருபத்தொரு வருஷமாக என் வலது கையில்
ஒரு டர்பைன் இருக்கிறது:
காற்றில் ஓடும் கொண்டைக்கடலைச் சக்கரம்,
நிமிடத்துக்கு மூன்றரை லட்சம் சுற்று.
அதன் குரல் கேட்டால்
பெரிய பெரிய மீசைகள்
நாற்காலிக் கைப்பிடியை இறுக்கும்.
எனக்கு அந்தக் குரல் பிடிக்கும்.
தொழில் தர்மம் கருதி
யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு, கேளம்பாக்கம் தாண்டி,
யாரோ பறக்கவிட்ட குட்டி ஜெட்
தலைக்குமேல் போனது.
அதே குரல், கொஞ்சம் தடித்த தொண்டை.
ஸ்கூட்டரை ஓரங்கட்டினேன்.
அது இறங்கும்வரை
ஹெல்மெட்டைக் கழற்றத் தோன்றவில்லை.

வாங்கியது செகண்ட் ஹேண்ட்.
விற்ற ஜெபசிங் நேர்மையான ஆள்:
"பேரிங் பத்து மணி நேரம் தாங்கும்.
அதுக்கு மேல கர்த்தர் சித்தம்."
வீட்டில் பாதி விலையைச் சொன்னேன்.
பாதிக்கே அவர்
இரண்டு நாள் பேசவில்லை.

நூற்றுக்கு ஐந்து பங்கு டர்பைன் ஆயில்.
அளக்க சிரிஞ்சுக்கா பஞ்சம்!
குழாயில் ஒரு குமிழி நின்றாலும்
இன்ஜின் மூச்சடைத்துப் போகும் என்றார்கள்.
குமிழியை விரல்நகத்தால் தட்டி விரட்டுவது
நான் பாஸான பாடம்.

திருப்போரூர் பக்கம், விற்காமல் கிடக்கும் மனைப்பிரிவு.
மஞ்சள் கற்கள், சாயம்போன கொடிகள்,
எந்த வீட்டுக்கும் போகாத
நாற்பதடித் தார்ச்சாலை.
ரெஜினாவைக் கூட்டிப்போனேன்.
கிளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாய் பிடிப்பவள்,
இங்கே தீயணைப்பான்.
குனிந்து குனிந்து சாலையைப் பொறுக்கினோம்:
மிளகளவு கல் உள்ளே போனால் போதும்.
சொல்லாமலே துப்பட்டாவைக் கழற்றிக்
காரில் வைத்தாள்.

மூன்று தடவை பற்றவில்லை.
வாசம் மட்டும்.
நான்காவதில்
பின்பக்கம் இரண்டடித் தீ.
திரையில் எழுநூறு, எழுநூற்றைம்பது, எண்ணூறு
"டாக்டர்!"
அணைச்சிட்டேன் அணைச்சிட்டேன் என்கிறேன்,
ரெஜினா நம்பவில்லை.
நூற்றுப் பதினான்காம் மனைமேல்
வெள்ளைப் புகை.
ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.

பற்றாத மூன்று தடவையும் வயிற்றில் தேங்கிய எண்ணெய்.
வாலைத் தாழ்த்தி வடித்தோம்.
"கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க"
என்றாள் அவள், சிரிக்காமல்.

மறுபடி சுவிட்ச்.
முனகல். டப் என்று ஒரு சின்ன ஏப்பம்.
பிறகு ஏறியது, ஏறியது,
முப்பத்து மூவாயிரத்தில் நின்று
மூச்சுவிட்டது.
பின்னால் தார்ச்சாலை
தண்ணீரில் பார்ப்பதுபோல் நெளிந்தது.

குச்சியைத் தள்ளினால் உடனே கேட்காது.
ஒன்று. இரண்டு. மூன்று.
அப்புறம்தான் அதற்கு மனசு வரும்.
கால் வைத்ததும் சுழலும் பெடலுக்குப் பழகியவள் நான்.
மூன்று நொடி முன்கூட்டியே
ஆசைப்படக் கற்க வேண்டும் இங்கே.

பறக்கவிடவில்லை.
சக்கரத்தில் தொண்ணூற்றாறாம் மனைவரை,
அங்கிருந்து திரும்பி.
அணைத்த பின்னும் அது தானே சுற்றித்
தன் சூட்டைத் தானே ஊதிக்கொண்டிருந்தது,
நூறு டிகிரிக்குக் கீழே வரும்வரை.
அதுவரை தொடக்கூடாது.
வெயிலில் நின்றோம்.

"அவ்வளவுதானா டாக்டர்?"
"இன்னைக்கு அவ்வளவுதான்."

திங்கள் காலை, கடைவாய்ப்பல்.
மீசைக்காரர் வாயைத் திறக்குமுன்
மூக்கைச் சுருக்கினார்:
மண்ணெண்ணெய் வாசம் வருதே?
குழாயைப் பிடித்தபடி ரெஜினா சொன்னாள்,
"கீழே பரோட்டாக் கடை சார்."