குப்புற

ஐப்பசியில் வந்தது ஆறு இல்லை, செம்மண்.
தரைப்பாலத்துக்கு மேலே ஒரு வாரம்
டீத்தூள் நிறத்தில் ஓடி
யார் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியையோ
கருவேலங்கிளையில் மாட்டிவிட்டுப் போனது.

மார்கழியில்தான் தேனாறு வந்தது.
செம்புறாம்பாறைக்கு அடியிலிருந்து
அவசரமே இல்லாமல்
ஊறி, நிறைந்து, நகர்ந்தது.
இடுப்பளவுத் தண்ணீரில்
என் கால்விரல் மருதாணி தெரிந்த அன்று
எனக்குப் புத்தி பிசகியது.

அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.
"என்னக்கா, மோட்டார் பார்ட்ஸா?" என்றான் கூரியர்க்காரன்.
கண்ணாடியும் மூச்சுக்குழாயும்.
காரைக்குடியில் நகைக்கடன் பிரிவில்
நாளெல்லாம் லென்ஸ் வழியே
மாற்றுக் குறைவைத் தேடுகிற கண் இது.
ஞாயிற்றுக்கிழமை
குறை தேடாமல் எதையாவது பார்க்கட்டும் என்று.

முதல் மூச்சில் பாதி ஆறு தொண்டைக்குள் போனது.
பிறகு பிடிபட்டது:
குப்புறப் படுத்தால் போதும்.
நீந்த வேண்டாம்.
தேனாறே கூட்டிப்போகும், ஷேர் ஆட்டோபோல,
நின்று, நின்று, தன் இஷ்டத்துக்கு.

அடியில் ஊற்றுக்கண்.
உலைபோல் மணல் கொதிக்கிறது,
விரல் வைத்தால் சில்லென்கிறது.
கண் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று
அதுவரை யோசித்ததில்லை.
இமைத்தது.

எதிர்நீர் பார்த்து நிற்கும் அயிரைகள்
எனக்கு வழிவிட்டு
என் காலுக்குப் பின்னால் மறுபடி கூடிக்கொண்டன.
வாடகை பாக்கிக்காரனைப்போல
வேருக்குள் ஒதுங்கியது ஒரு விரால்.
காதுக்குள் என் மூச்சு மட்டும்,
பக்கத்தில் யாரோ நிம்மதியாகத் தூங்குவதுபோல.

மூன்றாவது ஞாயிறு
கரையில் பூமயில், நாற்பது ஆடுகளோடு.
அவள் பார்த்தது ஒரு சுடிதார்,
விரிந்த தலைமுடி, அசையாத முதுகு.
குழாய் அவளுக்கு நாணலில் ஒரு நாணல்.
அவள் போட்ட கூச்சல்
குன்றக்குடி ரோடு வரைக்கும் கேட்டதாம்.
எனக்குக் கேட்கவில்லை.

தோப்பு வளைவில் நான் எழுந்து நின்றபோது
எதிரே ஏட்டு சேவுகப்பெருமாள்.
மடித்துவிட்ட பேண்ட், கையில் கயிறு,
தோளில் ஒரு பழைய வேட்டி.
மூடுவதற்கு.
பைக் பெட்டியில் எப்போதும் இருக்குமாம்.

"என்ன சார்?" என்றேன்,
நெற்றியில் ரப்பர் பதிந்த தழும்போடு.

திட்டவில்லை. மணலில் உட்கார்ந்துவிட்டார்.
"பதினோரு வருஷம்மா இந்த ஸ்டேஷன்ல.
கெணறு, ஊருணி, கம்மாய்னு பத்தொம்பது பேர எடுத்திருக்கேன்.
பதினாலு பொம்பளைங்க.
ஒருத்திகூட எந்திரிச்சு
என்ன சார்னு கேட்டதில்ல."

இதற்கு என்ன பதில் சொல்வது.
சுடிதார் நுனியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்,
பிழிய ஒன்றும் இல்லாதபோதும்.

பூமயில்தான் முதலில் பேசினாள்.
"அப்படி என்னத்தத்தான் பாக்குற உள்ள?
எங்க, அதக் குடு."
சேலையை வரிந்து கட்டினாள்.
"ஆட்டப் பாத்துக்கங்க ஏட்டையா."

அவர் தடுக்கத்தான் வாயெடுத்தார்.
"அப்பப்ப கையத் தூக்கணும், ஆமா," என்றுதான் வந்தது.

மிதந்தாள்.
இரண்டு வாய் தண்ணீர் குடித்து, இருமி,
மறுபடி மிதந்தாள்.
நூல்சேலை முதுகில் காற்றுப்பிடித்து உப்பியது.
ஆற்றோடு அவள், கரையோடு அவர்,
அவருக்குப் பின்னால் அத்தனை ஆடுகளும்.

பத்தடி போனதும் நின்றார்.
"ஏ பூமயிலு!"
காதில் விழாது சார் என்றேன்.
குனிந்து ஒரு சரளைக்கல் எடுத்து
அவள் பக்கத்தில் போட்டார்,
ராத்திரி நேரத்தில் கதவைத் தட்டுவதுபோல
மெதுவாக.

கை எழுந்தது. ரப்பர் வளையல், ஈரம், வெயில்.

பத்தடி.
கல்.
கை.

வேட்டியை எங்கேயோ போட்டுவிட்டிருந்தார்.
வளைவு இன்னும் தூரம்.
சட்டைப்பை தொங்கத் தொங்க
கல் பொறுக்கிக்கொண்டே நடந்தார்.