ஏழரை

எண்ணெய் பீப்பாயைக் கவிழ்த்தால்
நூற்றுச் சொச்சம் ஸ்பிரிங்
தரையில் உருண்டு, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும்.
பிரித்தெடுக்கவே அரைநாள் ஆகும்.
சல்மாபாத்தில் ஷட்டருக்கு வெளியே நாற்பத்தாறு டிகிரி;
வெயிலில் கிடந்ததைத் துணி சுற்றித்தான் தொடவேண்டும்.

நீளமாய், ஒல்லியாய், எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தால்
முன்ஃபோர்க் குழாய்க்குள் குடியிருந்தது.
வெயிலே பார்க்காத உடம்பு, துரு அண்டாது.
குட்டையாய், தடிப்பாய், பெயின்ட் உரிந்து
மணல் அப்பிக் கிடந்தால் பின்சக்கரத்து ஷாக்.
சுண்டுவிரல் உயரத்தில் நாலைந்து ஒன்றாய்க் கிடந்தால் கிளட்ச்,
அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சுற்றுக்குச் சுற்று ஒரே இடைவெளி என்றால்
முதல் பள்ளத்துக்கும் கடைசிப் பள்ளத்துக்கும்
ஒரே பதில்தான்.
ஒரு முனை நெருங்கி மறுமுனை விலகியிருந்தால்
சின்ன மேடுகளை நெருக்கம் வாங்கிக்கொள்ளும்.
பெரிய அடி விழுந்தால்
நெருங்கிய சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து
வாயை மூடிக்கொள்ளும்.
மிச்சம் அகன்றவை பாடு.

கண்ணை நம்பக் கூடாது.
கிரீஸ் துடைத்து, துரு சுரண்டி
கம்பியின் கனத்தை வெர்னியரில் பிடிக்கவேண்டும்.
ஏழரை மில்லிக் கம்பி ஏழானால்
பார்க்க அதேதான், மாட்டவும் அதேதான்.
பலத்தில் கால்பங்கு காணாமல் போயிருக்கும்.
ஊரில் ஏழரை என்றால் ஜோசியரிடம் ஓடுவார்கள்.
நான் ஏழரையைத் தேடிக் குனிகிறவன்.

நேற்று சிந்தாமதாரின் வண்டி வந்தது.
பெட்டியில் பிரியாணி வாசனை. பின்பக்கம் குந்தியிருந்தது.
மட்கார்டின் உள்ளே டயர் தேய்த்த கறுப்புப் பிறை.
கூடவே பாகுலேயன் அனுப்பிய தாள்:
அதிகச் சுமை ஏற்றியதால் ஷாக் பழுது.
சம்பளத்தில் பதினெட்டு தினார் பிடிக்க.
கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

“ஒருநாள்கூட ஆள் ஏத்தல அண்ணே.”
“அரிசி மூட்டை?”
“ஒரு தடவ. பத்துக் கிலோ. அதுவும் மடியில.”

இரண்டையும் கழற்றி மேசையில் நிறுத்தினேன்.
இடது ஒன்பது மில்லி குள்ளம்.
வலதில் கம்பி ஏழரை. இடதில் ஏழு.
டிரில் பிரஸ்ஸுக்குக் கீழே
யாரோ ரூம் காலிசெய்தபோது விட்டுப்போன எடைமெஷின்.
அதன்மேல் வைத்துப் பத்து மில்லி அமுக்கினேன்.
வலது பதினெட்டு கிலோ காட்டியது.
இடது பதினாலைத் தொடவில்லை.
நூற்றுப்பத்து சிசி வண்டியின் ஸ்பிரிங்
நூற்றைம்பதின் காலில்
ஒன்றரை வருஷம் நொண்டியிருக்கிறது.

மாட்டியவன் எவன் என்று
ஒரு கெட்ட வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.
அடிச்சுற்றைத் திருப்பினேன்.
துருவுக்குக் கீழே ஒரு மஞ்சள் புள்ளி.

கம்பெனிப் பெயின்ட் இல்லை.
சோதித்தாயிற்று என்று நான் வைக்கிற புள்ளி.
இந்தக் கேரேஜில் வேறு யாரும் மஞ்சள் வைப்பதில்லை.

ரமலான் மாசமாக இருந்திருக்கும்.
நோன்பு திறக்கும் நேரத்து ஆர்டர்கள்,
ஷட்டர்வரை வண்டி வரிசை,
வெர்னியர் யார் கையிலோ.
கண்ணால் அளந்திருப்பேன்.

பேனா மூடியை மூன்றுதரம் திறந்து மூடினேன்.
‘அதிகச் சுமை’யை அடித்தேன்.
தவறான ஸ்பிரிங் என்று எழுதினேன்.
பொருத்தியவர் என்று எழுதி
அதற்குப் பக்கத்தில் என் பெயரை,
பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் முழுதாக.
பாகுலேயன் படித்தான், என்னைப் பார்த்தான்,
மலையாளத்தில் ஏதோ முனகினான்.
பதினெட்டு எனக்கு மாறியது.

சிந்தாமதார் ஏறி உட்கார்ந்து இரண்டுதரம் எம்பினான்.
“நாமளே உயரமாயிட்ட மாதிரி இருக்குண்ணே.”
எதற்கு மாறியது என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
அதற்கு இன்னொரு தாள் வேண்டும்.

காலையிலிருந்து சிக்னலில் நிற்கிற
ஒவ்வொரு டெலிவரி வண்டிக்குப் பின்னாலும் குனிகிறேன்.
எதையோ தவறவிட்டவன் என்று நினைத்து
ஒருவன் காலைத் தூக்கி வழிவிடுகிறான்.
அவனுடையதில் புள்ளி இருக்கிறது.
பச்சை விழுந்துவிட்டது.