ஒன்று புள்ளி நான்கு

பேட்டரி இரண்டு முறை மாற்றியாகிவிட்டது.
ஆல்டர்னேட்டரே போச்சு என்று சின் மிங்கில் ஒருவர்
அறுநூற்றைம்பது வெள்ளி எழுதிக் கொடுத்திருக்கிறார்.
கமாலுதீன் அந்தச் சீட்டை என்னிடம் நீட்டவில்லை.
மடித்துக் கைக்குள் வைத்திருக்கிறார்,
நான் என்ன சொல்கிறேன் பார்க்கலாம் என்று.

காக்கி புக்கிட், ஐந்தாவது மாடி.
மழைக்கு முந்திய புழுக்கம் சாய்தளத்தில் ஏறி வருகிறது.
பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்தேன்.
எஞ்சின் ஓடாதபோது பன்னிரண்டு புள்ளி ஒன்று.
ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே.
இருமிவிட்டு ஒத்துக்கொண்டது.
பேட்டரியில் பதின்மூன்று புள்ளி இரண்டு;
ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே முள்ளை ஊன்றினால்
பதினான்கு புள்ளி மூன்று.

இது மேல தப்பு இல்ல, என்றேன்.
சம்பளம் முழுசாப் போடுது,
வழியில யாரோ பிடிச்சுக்கிறாங்க.
அவர் சிரித்தார். வாடகைக் கார் ஓட்டுகிறவருக்கு
விளக்கவே வேண்டாத கணக்கு.

ஒன்றரை முழக் கம்பிக்குள்
ஒரு வோல்ட்டுக்கு மேல் காணோம்.
டேப்பைப் பிரித்தால் முனையெல்லாம் பச்சை.
செம்பில் களிம்பு போல ஆணவம் என்று
கோயிலில் உரை சொல்கிறவர்கள் சொல்வார்கள்.
எனக்குத் தெரிந்த களிம்பு
உப்புத்தாளுக்கு நாலு தேய்ப்பில் போய்விடும்.
தேய்த்தேன், முறுக்கினேன். பதினான்கு வந்தது.

இத்தோடு பில் போட்டிருக்கலாம்.
ஆனால் சாயங்காலம் நிறுத்திய கார்
காலையில் செத்துக் கிடக்கிறது என்றாரே.

கதவைத் திறந்தபடியே விட்டு
தாழ்நாக்கை மட்டும் ஸ்க்ரூட்ரைவரால் மடக்கினேன்,
மூடிவிட்டதாகக் கார் நம்பட்டும்.
இனி அது தூங்க வேண்டும். நாற்பது நிமிடம்.
உள்ளே ஒவ்வொரு பெட்டியாகக் கண்ணயரும்,
சாவியோடு கிட்டே போனால் விழித்துக்கொள்ளும்.
கீழேயிருந்து தே ஓ கோசோங் இரண்டு வாங்கி வந்தேன்.
அவர் பாதி குடித்துவிட்டு
தூணில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே போய்விட்டார்,
பை விரலில் தொங்க, வாய் லேசாகத் திறந்து.

காரை விடச் சீக்கிரம் அவர் தூங்கினார்.

மீட்டரில் ஒன்று புள்ளி நான்கு ஆம்பியர்.
பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது.
ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்:
ரேடியோ, ஹார்ன், ஜன்னல், பின்விளக்கு.
எண் அசையவில்லை.
அப்படியானால் ஃப்யூஸ் பெட்டிக்கே தெரியாமல்
ஏதோ ஒன்று நேராகப் போகிறது.

பேட்டரிக்குப் பின்னால் மெல்லிய மஞ்சள் கம்பி.
ரப்பர் துளையில் நுழைந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் ஊர்ந்து
ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே முடிந்தது.
முறுக்கிய விதம் சுத்தம்; பழகிய கைதான்.
கம்பியின் முனையில் ஒரு கட்டம்போட்ட கைலி.
கைலிக்குள் உள்ளங்கை அகல விசிறி,
துணியில் இறக்கை சிக்கி,
சுற்ற முடியாமல் சுற்றிப் பார்த்துக்கொண்டு,
தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி.

பிளக்கை உருவியதும் எண் விழுந்தது.
அவரும் கண்ணைத் திறந்தார்.
என் கையில் என்ன இருக்கிறதென்று பார்த்தார்.
அதுவா, என்றார்.
கைலியை வாங்கி, தேவைக்கு மேல் நிதானமாக மடித்தார்.
ரெண்டு மணிக்கு ஒரு ஃபிளைட், நாலு மணிக்கு ஒண்ணு.
நடுவுல எஞ்சினைப் போட்டு வச்சா ஃபைன் தங்கச்சி.

பகலிலும் ஏன் தலையணை வாசம் என்று நான் கேட்கவில்லை.
கம்பியை வெட்டவும் இல்லை.
நடுவில் இரண்டு ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று வைத்து
கை படும் இடத்தில் சுவிட்ச் போட்டேன்,
அணைத்தோமா என்று தெரிய ஒரு சிவப்புப் பொட்டோடு.

எண்பத்தைந்து வெள்ளி.
சின் மிங் சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல்
டேஷ்போர்டு இடுக்கில் செருகினார்.
மீட்டரைக் காட்டினேன்: பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று.
அது மட்டும் எதுக்கு மிச்சம்?
கடிகாரத்துக்குண்ணே. மணி மறக்காம இருக்க.

கடிகாரம் பன்னிரண்டில் மினுக்கிக்கொண்டிருந்தது.
அதைத் திருத்தாமலே இறக்கத்தில் திருப்பினார்.
நாலே முக்காலுக்கு பிடோக்கில் ஆள் நிற்கிறதாம்.