கடன் கோப்பு எண் 418

குமாசியில் மழை நின்ற மறுநாள்
தவணை கேட்டுப் போனேன்.
சாக்கடை தெருவுக்கு ஏறி வந்திருந்தது.
முழங்காலளவு நீரில்
காலிப் பைகள் முதுகு காட்டி மிதந்தன.
எல்லாவற்றிலும் நீல எழுத்தில் ஒரே பெயர்:
டுஃபியே தூய நீர்.

அந்த நீலத்தை அவள் தேர்ந்தெடுத்தபோது
நானும் பக்கத்தில் இருந்தேன்.
பச்சை வேண்டாம், பாசி மாதிரி இருக்கும் என்றது நான்தான்.

நான்கு வருடத்துக்கு முன்
இந்தத் தெரு ஓடையில்தான் மொண்டு குடித்தது.
அவளுடைய இளையவன் ஓபெங்
வாந்தி பேதியில் மூன்று நாள் கிடந்து
எப்படியோ பிழைத்தான்.
நான்காம் நாள் வங்கிக்கு வந்தாள்,
மீன் விற்ற கையோடு.
என் மேசையெல்லாம் செதில்.

நாற்பதாயிரம் செடி.
எங்கள் பணத்தின் பெயர் அது; இலை விடாது.

படிவம் ஐந்து பக்கம்.
எத்தனை பேருக்கு வேலை? ஏழு.
பிணை? அண்ணன் கையெழுத்து, ஒரு தையல் இயந்திரம்.
சுற்றுச்சூழல் பாதிப்பு?
இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.
தண்ணீர்தானே.

அரை லிட்டர் பை.
முனையைப் பல்லால் கிழித்து
நடந்தபடியே உறிஞ்சி
நடந்தபடியே விரலைப் பிரித்துவிடுவார்கள்.
அதற்கு மேல் கைக்கு வேலையில்லை.

பேதி நின்றது. அதைச் சொல்லாமல் விட்டால்
நான் சொல்கிற மற்றதெல்லாம் பொய்.
நர்ஸ் சொன்னாள்:
சலைன் பாட்டில் இந்த வருடம் மிஞ்சிவிட்டது.

டுஃபியே தொழிற்கூட வாசலில் நின்றாள்,
பாவாடையைத் தூக்கிச் செருகி.
‘மெஷின் நனையவில்லை’ என்றாள் முதலில்.
பிறகு,
‘காலிப் பையைக் கிலோ கணக்கில் திருப்பி வாங்கப் போகிறேன்.
உருக்கி வாளி செய்யலாம்.
அதற்கும் கடன் வேண்டும்.’

உருக்கினால் புகை எங்கே போகும் என்றேன்.

‘போன தடவை
நீங்கள் எதையும் கேட்கவில்லையே.’

தெருமுனையில் யாரோ மெத்தையை உதறினார்கள்.
ஒரு செருப்பு தனியாக எங்களைக் கடந்து போனது.

நின்றபடியே பையிலிருந்து படிவத்தை எடுத்தேன்.
அதே ஐந்து பக்கம்,
அதே கட்டம், அதே அளவு.

வெயில் ஏறியது. தாகம்.
ஓபெங் ஒரு பையை நீட்டினான்.
கடித்துக் கிழித்தேன்.
நல்ல தண்ணீர், சில்லென்று,
இரும்பு வாடைகூட இல்லை.

குடித்து முடித்தேன்.
டுஃபியே
என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.